பென்சில் குறி

"நெத்தியில என்னடி கோடு?" என்று இருசம்மாள் கேட்டபோது, மகள் பிரவீணா கறுப்புக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு இடித்துவிட்டது என்றாள். மூன்று வருடம் கோர்ட்டுக்குப் போய்வந்தும் மகளுக்கு இன்னும் ஒழுங்காகப் பொய் சொல்ல வரவில்லை. இருசம்மாள் கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு வந்து, அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். புருவத்துக்கு மேலே நன்றாகவே கீறியிருந்தது.

"எந்தக் கதவு இப்புடிக் கீறும்? அந்த ஆளுதானே?"

அந்த ஆள்தான். பெயர் காசிநாதன், பிரவீணாவின் சீனியர் வக்கீல். முந்தின நாள் சாயங்காலம் கேஸ் கட்டில் ஒரு தாள் தலைகீழாக இருந்ததற்காக அந்தக் காகிதக் கட்டையே அவள் முகத்தில் எறிந்திருந்தார். வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விட்டுட்டு வந்துருடி."

"கையெழுத்து வாங்காம எப்புடிம்மா வர்றது?"

நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். செய்தாள் என்று பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் சான்று தர வேண்டும். விண்ணப்பிக்க இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. வேறு வக்கீலிடம் போகலாமே என்று கேட்பீர்கள். அடுத்தவர் ஜூனியருக்குக் கையெழுத்துப் போடுவது, அந்த ஊர் வக்கீல்களுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை அடிப்பது மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள். பிரவீணாவின் சான்று ஒரு மாதமாகக் காசிநாதனின் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. கேட்டால் பார்க்கலாம் என்பார்.

காசிநாதனை ஊரில் யாரும் கெட்டவர் என்று சொல்லமாட்டார்கள். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போவார். மகளிர் தினத்தில் கல்லூரியில் பெண்ணுரிமை பற்றிக் கண்கலங்கப் பேசுவார். அந்தப் பேச்சையும் பிரவீணாதான் எழுதிக் கொடுத்தாள். மறுநாளே கட்சிக்காரர்கள் முன்னால், "ஒங்க தெருவுலேருந்து கோர்ட்டுக்கு வந்தா கூண்டுக்குத்தான் வருவாங்க. நீ கோட்ட மாட்டிக்கிட்டு வந்துட்ட" என்று சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். வக்கீல் சிரித்தால் சிரிக்காமல் இருக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவர் எந்தக் காகிதத்தையும் படித்ததில்லை. ஜூனியர் எழுதுவாள், கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாள், அவர் குறியைத் தேடிக் கையெழுத்துப் போடுவார். இதைச் சோம்பல் என்று நினைக்கக் கூடாது. படிப்பது ஜூனியர் வேலை, படிக்காமல் இருப்பதுதான் சீனியருக்கு அழகு.

மாவட்டத்தில் இருக்கும் சங்கங்கள் போதாதென்று காசிநாதனும் நண்பர்களும் 'நீதிச்சுடர் வழக்கறிஞர் பேரவை' என்று ஒன்றை நடத்திவந்தார்கள். அதன் வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். பணியிடத்தில் துன்புறுத்தலா, தயங்காமல் அழையுங்கள், ரகசியம் காக்கப்படும் என்று அதில் இருந்தது. பிரவீணா தயங்கித் தயங்கி, ஆபீசில் யாரும் இல்லாத நேரத்தில் கைபேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்தாள். அவள் மேஜையில் இருந்த டெலிபோன் அடித்தது. உதவி எண்ணுக்குப் புதிய இணைப்பு எதற்கு என்று காசிநாதன் தன் ஆபீஸ் நம்பரையே கொடுத்திருந்தார். போன் எடுப்பது ஜூனியர் வேலை. ரகசியம் நன்றாகத்தான் காக்கப்பட்டது.

அன்று வந்த கோபத்தில் அவள் புகாரை எழுத்தில் கொடுத்தாள். ஆறு பத்தி. கட்டு எறிந்தது, தெருவைச் சொல்லிச் சிரித்தது, சான்றைப் பிடித்து வைத்திருப்பது எல்லாம் இருந்தன. பேரவைத் தலைவர் சிங்காரவேலு காசிநாதனுக்கு நோட்டீஸ் அனுப்பினார். அதையும் பிரித்து மேஜையில் வைத்தவள் பிரவீணாவே.

காசிநாதன் கோபப்படவில்லை. நோட்டீசின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அவளிடமே தூக்கிப் போட்டார். ஆபீசில் பதில் மனு எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"புகார் எழுதத் தெரிஞ்சவளுக்குப் பதில் எழுதத் தெரியாதா? நாளைக்கு மேஜையில இருக்கணும்."

அவள் எழுதினாள். வழக்கமாகப் பதில் மனு என்றால் அனைத்தும் பொய் என்று தொடங்கும். இவள் பத்தி பத்தியாக, கூறப்பட்டவை உண்மையே என்று எழுதினாள். மனுதாரர் என்னிடம் மூன்று வருடம் இடைவிடாது தொழில் செய்தார் என்பதும் உண்மையே என்றாள். எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொண்டு கையொப்பமிட்டேன் என்று முடித்துப் பென்சில் குறி போட்டாள். ஏமாற்றினேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்தாள்.

"சார், ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"நான் படிக்கிறதா இருந்தா நீ எதுக்கு?" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

விசாரணைக்கு இரண்டு வாய்தா போனது. எதற்கு வாய்தா என்று யாருக்கும் தெரியாது, வக்கீல்கள் கூடினால் வாய்தா போடாமல் கலைவது வழக்கமில்லை. விண்ணப்பத்துக்கு ஒரு நாள் மிச்சமிருந்தபோது மூன்றாம் முறை கூடினார்கள். குழுவில் வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதற்காக, ஓய்வுபெற்ற ஆசிரியை புவனேஸ்வரியைச் சேர்த்திருந்தார்கள். காசிநாதன் புகாரை மறுத்துப் பதில் கொடுத்துவிட்டார், முடித்துவிடலாம் என்று சிங்காரவேலு கோப்பை மூடப் போனார். அந்தம்மாள் வாங்கிப் பிரித்தார். முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவர், எழுதியதைப் படிக்காமல் விடத் தெரியாது. சத்தமாகவே படித்தார்.

மூன்றாவது பத்தியிலேயே சிங்காரவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நான் சொன்னதில்ல" என்றார் காசிநாதன்.

"கையெழுத்து உங்களுதுதானேங்க?" என்று கேட்டார் ஆசிரியை. "படிக்காமலா போட்டீங்க?"

காசிநாதன் கோப்பை எட்டிப் பார்த்தார், கையெழுத்து அவருடையதுதான். படிக்காமல் போட்டேன் என்றால், பன்னிரண்டு வருடமாக அவர் கையெழுத்துப் போட்ட மனுக்களெல்லாம் எழுந்து நின்று கேள்வி கேட்கும். படித்துத்தான் போட்டேன் என்றால் ஆறு பத்தியும் உண்மை. சிங்காரவேலு வாய்தா போடலாமா என்று பார்த்தார். ஆசிரியை கோப்பை விடவில்லை.

பிரவீணா பையிலிருந்து இன்னொரு சான்றை எடுத்துக் காசிநாதன் முன்னால் வைத்தாள். அதில் பென்சில் குறி இல்லை. காசிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். மூன்று வருடத்தைப் பதிலிலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது, மறுக்க வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவள் கண்ணில் நீர் முட்டியது. அதை அங்கே சிந்துவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

சிங்காரவேலுவுக்கு உயிர் வந்தது. ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டாங்கன்னு ஒரு ஆர்டர் எழுதிக் குடுத்துடும்மா. குறி போட்டு வச்சிரு, நாங்க கையெழுத்துப் போட்டுக்குறோம்."

பிரவீணா பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமே தள்ளினாள்.

"நீங்களே எழுதுங்க சார். நான் சமாதானமாப் போவல."

ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள். அந்த உத்தரவு இன்னும் எழுதப்படவில்லை. புது ஜூனியர் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.