பதினோராவது திருத்தம்

பள்ளியில் அந்த ஆசிரியைக்கு வைத்திருந்த பெயர் வெட்டு மேடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது அவர் வேலை. சிவப்புப் பேனாவை எடுத்தாரானால் பாதிக் கட்டுரை காலி. வெட்டுப்பட்ட வரிகளுக்காக யாரும் பின்னால் அழுததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், மேடம் அவ்வளவு கெட்டிக்காரி.

அந்த வருடம் அவரிடம் வந்தவர்களில் ஒருத்தி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், முதலில் எழுதிக்கொண்டு போனது லிஃப்டைப் பற்றி. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு விடுமுறையில் அவரோடு போய், ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் இயந்திர அறையைப் பார்த்துவிட்டு வந்ததை எழுதியிருந்தாள். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நீ எங்க இருக்க?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “உங்க அக்காவப் பத்தி எழுதலாமே” என்றார்.

அக்கா இரண்டு வருடங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மேடத்திடம் கட்டுரை காட்டியவள். எதிலும் முதல். வெளிநாட்டில் படிக்கப் போவாள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் கிருமி என்றார்கள், மூன்றே நாளில் போய்விட்டாள். அக்காவின் சட்டை, அக்காவின் சைக்கிள் என்று வந்த வரிசையில் அக்காவின் நுழைவுத் தேர்வுப் புத்தகங்களும் சின்னவளிடம் வந்து சேர்ந்தன. பென்சிலில் குறித்திருந்த விடைகளை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் அவள் ஆரம்பித்தாள். அழித்தென்ன? அழுத்திக் குறித்த பள்ளம் தாளில் அப்படியே இருந்தது. விரலை வைத்தால் தட்டுப்பட்டது. அக்கா தப்பு செய்த கேள்விகளில் அவளும் அதே தப்பைச் செய்தாள். சரியான விடை தெரிந்திருந்தும் கை அந்தப் பள்ளத்துக்கே போயிற்று.

பல்கலைக்கழகங்கள் வேறு விடவில்லை. அம்மாவின் போனில் இருந்த அக்காவின் மின்னஞ்சலுக்கு வாரம் தவறாமல் கடிதம் வந்துகொண்டிருந்தது. உங்களுக்காகக் காத்திருக்கிறோம், உங்கள் விண்ணப்பம் இன்னும் நிறைவடையவில்லை. கணக்கை மூடிவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அக்கா போன அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான். மூன்றாம் நாள் மத்தியானம். அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா, ஒரு மணி நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடுகிறேன், அக்காவை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அறையில் சின்னவளும் அக்காவும் மட்டும். அக்காவின் மூச்சு ஒரு மாதிரி சத்தத்தோடு வர ஆரம்பித்தது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நர்ஸைக் கூப்பிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. சனிக்கிழமை பள்ளியில் ஒரு தேர்வு இருந்தது. அதைச் சாக்காக வைத்து, ஆங்கிலச் சொற்கள் எழுதிய அட்டைகளை எடுத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது.

எல்லோரும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, அவளும் மூச்சு விடவில்லை.

அதைப் போய்க் கட்டுரையில் எழுதுவாளா? முதல் வரைவில் அக்கா இறந்துபோனாள் என்று மட்டும் எழுதினாள். “நீ அப்ப எங்க இருந்த? அதச் சொல்லு” என்று மேடம் ஓரத்தில் குறித்தார். மூன்றாவது திருத்தத்தில் சின்னவள் அறைக்குள் வந்தாள். ஐந்தாவதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவதில் மேடம் கேட்டார்: “கடைசியா அக்கா ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தா அத அப்படியே போடும்மா.”

போட்டாள். ‘எனக்குப் பதிலா நீ போ’ என்று அக்கா சொன்னாள்.

பதினோராவது திருத்தத்தில் மேடம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அவர் கண் கலங்கியதைப் பள்ளியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சின்னவளுக்கோ அதற்குள் அக்காவின் கைச்சூடு நிஜமாகவே உள்ளங்கையில் தெரிய ஆரம்பித்திருந்தது. பிடிக்காத கையின் சூடு. வராந்தா பெஞ்ச் என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

கட்டுரை தயார், அம்மா தயாரில்லை. விண்ணப்பத்தோடு சம்மதப் படிவம் ஒன்று போக வேண்டும், பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். “ஒருத்தியப் பெட்டி கட்டி அனுப்பத் தயாரானேன், போயே போயிட்டா. இன்னொருத்திய விட மாட்டேன்” என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அவள் கையெழுத்து இல்லாமல் தான் போடப்போவதில்லை என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் மீட்கிற மனுஷர், வீட்டுக்குள் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவிலேயே நிற்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மேடத்தைப் பார்க்கப் போனாள். சம்மதமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வரத்தான் போனாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மேடம் கட்டுரையை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறார்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டாள்.

“இத்தன நாளா ஏன்டி சொல்லல?” என்றாள். “அவளே சொல்லிட்டா, அப்புறம் நான் யாரு தடுக்க?”

சின்னவள் கேட்டது கையில் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அடுத்த வருடம் இந்நேரம் வேறொரு நாட்டில் இருப்பாள். எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டே பெரிய ஆளாகியிருக்கிறார்கள்.

அம்மா மாடிக் கொடியிலிருந்து காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுத்து வந்தாள். ஓட்டல்களின் துணிகளைச் சலவை செய்யும் கூடத்தில் அவளுக்கு மடிப்பு வேலை, வீட்டிலும் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க மாட்டாள். இரண்டு முனை அவளிடம், இரண்டு முனை மகளிடம். உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும்.

“வேற என்ன சொன்னா?” அம்மா நடந்து வந்தாள். “வலிக்குதுன்னு சொன்னாளா? நல்லா ஞாபகப்படுத்திப் பாரு.”

முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம். அம்மாவின் கண்ணில் இரண்டு வருடமாக இல்லாத ஒரு வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“அம்மா, அக்கா எதுவும் சொல்லல. நானா எழுதினது.”

அம்மா முனைகளை வாங்கிக்கொள்ளவில்லை.

“நான் உள்ளயே இல்லம்மா. அந்தச் சத்தம் பயமா இருந்துச்சு. வெளிய பெஞ்சுல உக்காந்துட்டேன்.”

“அப்ப அவ தனியாவா இருந்தா?”

“ஆமாம்மா.”

அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா விரிப்பைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே சின்னவளும் உட்கார்ந்தாள். இடையில் பாதி மடித்த துணி கிடந்தது.

“அந்தப் படிவத்தக் கிழிச்சிடுறேன்மா.”

“சும்மா இரு” என்றாள் அம்மா. “வர்ற வழியிலயே உங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அந்த மனுஷன் வேலை செய்ற இடத்துல, அத்தன பேருக்கு நடுவுல, போன்லயே ஓன்னு அழுதாரு. பிள்ள நம்மள நெனச்சுட்டுத்தான் போயிருக்கான்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. இப்ப இல்லைன்னு சொன்னா செத்துருவாருடி. வாயத் திறக்காத.”

மாடிப்படியில் காலடி கேட்டது. அப்பா என்றைக்குமில்லாமல் வேளையோடு வந்துவிட்டார். கையில் கிரீஸ் கறை, கழுவக்கூட இல்லை. முகம் அழுது வீங்கியிருந்தாலும் ஏதோ பாரம் இறக்கியவர் மாதிரி இருந்தார். மேஜை மேல் படிவத்தைப் பார்த்தார், அம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டார். ஓரத்தில் விரல் ரேகையோடு கறை பட்டுவிட்டது.

பிறகு சின்னவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

“உங்கம்மா சொன்னா. இருந்தாலும் உன் வாயால ஒரு தடவ கேக்கணும் பாப்பா. அவ என்ன சொன்னா?”

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சொல்லேன்” என்றாள்.

“எனக்குப் பதிலா நீ போன்னு சொன்னாப்பா.”

“அப்புறம்? என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?”

“கேட்டா. அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டா.”

அப்பா கறைக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சின்னவளுக்குத் தன் குரலையே அடையாளம் தெரியவில்லை. இன்னும் எத்தனை தடவை இதைச் சொல்ல வேண்டியிருக்கும், எந்தெந்தச் சொந்தக்காரர் வந்து உட்கார்ந்து கேட்பார், எந்த ஊரிலிருந்து போனில் சொல்லப்போகிறோம் என்று எண்ணிப் பார்த்தாள்.

அம்மா மெல்லத் திரும்பினாள். எல்லாம் தெரிந்த அம்மா. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் உண்மையைக் காதால் கேட்டவள். விரிப்பின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே, மகளின் கண்ணைப் பார்க்காமல் ஏதோ முணுமுணுத்தாள்.

“என்ன?” என்றார் அப்பா, அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“என்னைக் கேக்கலையா அவ?”

சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டாம்மா. உன்னைத்தான் முதல்ல கேட்டா.”