திரும்பிப் படுக்கும் வரை

"குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்மா. முதுகே தெரியல. ஏதாவது இனிப்பா சாப்பிட்டு, அரை மணி நேரம் நடந்துட்டு வாங்க" என்று ஸ்கேன் டாக்டரம்மா இரண்டாவது தடவையாக எங்களை வெளியே அனுப்பினார். மீமிசலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தது இதற்குத்தானா? வயிற்றிலிருக்கும் பேரப்பிள்ளைக்கும் என் மகன் உமைரின் பிடிவாதம்தான்.

மருமகள் ரிஃபானா புதுக்கோட்டை வெயிலில் அந்தத் தெருவையே அளந்தாள். கூடவே நானும் நடந்தேன். முட்டி வலித்தது. உட்காரவும் முடியவில்லை. சவூதியிலிருந்து உமைர் நாலு தடவை அழைத்துவிட்டான், என்னவென்று சொல்வது?

ரிஃபானாவின் முதல் பிள்ளைக்கு இதே ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் முதுகுத்தண்டு மூடவில்லை என்றார்கள். பிறந்த அன்றே போய்விட்டது. அந்த ஸ்கேனின்போது டாக்டர், "முதுகுத்தண்டு சரியா மூடுறதுக்குக் குடுக்குற போலிக் ஆசிட் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். ரிஃபானா என்னைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள். அந்த மாத்திரை வேண்டாம் என்றவள் நான்தான். பிள்ளை பெருத்துவிடும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்று பயந்தேன். சுமந்தவள் அவள், கொன்றவள் நான். இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தடவை தினமும் கல்லுப்போல் எதிரே நின்று, அவள் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். மறுபடி கூப்பிட்டார்கள்.

"திரும்பிருச்சு" என்றார் டாக்டரம்மா. திரையில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "தலை, முதுகு எல்லாம் நல்லாருக்கும்மா."

யா அல்லா! வெளியே வந்து ஓவென்று அழுதேன். "அந்த மாத்திரைதான் புள்ளயக் காப்பாத்துச்சு. போன தடவை நான்தான் பாவி..."

"மாமி, போன தடவையும் போட்டேன்" என்றாள் ரிஃபானா. "ஒரு நாள் விடல. அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுப் போட்டேன். போட்டாலும் சில பேருக்கு வரும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாங்கல்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அடியே, ரெண்டு வருஷமா செத்துச் செத்துப் பொழச்சேனே! டாக்டர் கேட்டப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க பக்கத்துலதான மாமி நின்னீங்க. திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

பஸ் ஸ்டாண்டு வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தன் பிள்ளைக்கு அப்படி என்று கேட்ட அந்த நிமிஷத்தில்கூட, அவள் பயந்தது என்னைப் பார்த்துத்தான்.