ஈ மருந்து

மருந்தடித்த கையோடு விடுதிக் காவலாளி சன்னலைத் திறந்துவிட்டான். ஈக்கள் தள்ளாடித் தள்ளாடி வெளியே போயின. கூரைக்கடியில் கூடு வைத்திருந்த ஈப்பிடிப்பான் குருவி அவற்றை நோகாமல் கொத்திக்கொண்டு குஞ்சுகளிடம் பறந்தது.

“இங்க பாரும்மா, உன் துறுதுறுவுக்கு இன்னிக்கு வேலை மிச்சம். உக்காந்த எடத்துல சாப்பாடு!”

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் எதையும் செய்வான். பனிக்காலத்தில் பிறந்த குழந்தை ஒரு பகல்கூடத் தங்கவில்லை. அன்றைக்கு மூடிய வாயை அவள் திறக்கவேயில்லை. அவளுடைய அக்கா மலையேறி வந்து, என்னென்னவோ சொல்லிப் பார்த்து, தலையிலடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். பனி உருகியதும், மரமே முளைக்காத இந்த உச்சிக்கு ஒரு கைப்பிடி அளவுக் குருவி வந்தது. கம்பியிலிருந்து எம்பி, அந்தரத்தில் ஈயை லபக்கென்று பிடித்து, ஒன்றும் தெரியாததுபோல் மறுபடி கம்பியிலேயே வந்து உட்காரும். அதைப் பார்த்துத்தான் அவள், “ஏங்க, இங்க வாங்களேன்” என்றாள். குஞ்சு பொரித்தபிறகு பேச்சு ஓயவில்லை. துறுதுறு என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

தங்க வந்தவர்கள் ஈத்தொல்லை என்று புலம்ப, மேலாளர் போனில் காதைக் கிழித்தார். அன்று அவன் அறை அறையாக மருந்தடித்தான், மறுநாளும் அடித்தான்.

அதற்கடுத்த காலை கூட்டில் சத்தமில்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். குஞ்சுகள் பிளந்த வாயோடு விறைத்துக் கிடந்தன. தன் கையால் ஊட்டிக் கொன்றதுபோல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் வைத்தான். பறந்து போய்விட்டன என்று சொல்லிவிடலாமா? இறகே முளைக்காததை எந்தப் பக்கம் பறக்கவிடுவது?

இறங்கினால், ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள்.

“நான் அடிச்ச மருந்தும்மா...” துண்டை அவளிடம் நீட்டினான்.

அவள் துண்டை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அப்போது குருவி வாயில் ஈயோடு வந்து கூட்டுக்குள் நுழைந்தது. போன வேகத்தில், ஈயை விடாமல் வெளியே வந்து கம்பியில் உட்கார்ந்தது.

“அதுக்கு இன்னும் புரியலைங்க,” என்றாள் அவள். “கொஞ்ச நாளைக்கு கொண்டாந்துட்டேதான் இருக்கும். எனக்கும் பால் உடனே நிக்கலையே.”

குருவி எம்பியது. வாயிலிருந்த ஈயோடு இன்னொரு ஈயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி கூட்டுக்குள் போனது.