பறந்துபோன பூச்சு

விஷம் கண்டுபிடிக்கும் இயந்திரத்திலிருந்து லேப்காரி ஸ்லைடை வெளியே எடுத்தாள். மாவு பூசியதுபோல் வெள்ளையாக உள்ளே போன கண்ணாடி, கழுவித் துடைத்ததுபோல் மின்னியது. நடுவில், செத்துப்போன ஒருத்தியின் ஈரலில் எடுத்த நகக்கண் அளவு சீவல் மட்டும் அம்மணமாகக் கிடந்தது.

லேசர் பட்டதும் சீவலில் உள்ளதைக் கிளப்பிக் கொடுப்பது அந்த மேட்ரிக்ஸ் பூச்சுதான். அது இல்லையென்றால் விஷம் கொட்டிக் கிடந்தாலும் இயந்திரம் வாயைத் திறக்காது. பாழாய்ப்போன அந்த ரகம், காற்றை உறிஞ்சிய அறைக்குள் உருகாமலே ஆவியாகிக் கம்பி நீட்டிவிடும். மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். இது அவளுக்கு அத்துப்படி. இருந்தும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமென்று பதினாலு ஸ்லைடுகளை மொத்தமாகத் தள்ளினாள். இதன் முறை வரும்போது பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. திரை வெறுமையாக இருக்கவே, ஸ்லைடை எடுத்துக்கூடப் பார்க்காமல் நேற்று "விஷம் இல்லை" என்று கையெழுத்துப் போட்டாள். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு மன்னிப்பே கிடையாது. விஷம் வைத்ததாகப் பிடித்து வைத்திருந்த செத்தவளின் புருஷன் இன்று காலை விடுதலையாகிவிட்டான்.

ஆனாலும் குடி முழுகிவிடவில்லை. ஓடிப்போனது பூச்சுதான், சீவல் அப்படியே இருந்தது. மறுபடி பூசி உடனே வைத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். குளிர்பெட்டி பழுதாகி மற்றச் சீவல்கள் அழுகிவிட்டதால் இது ஒன்றுதான் மிச்சம்.

கதவு சுவரில் அறைந்தது. செத்தவளின் தம்பி, வெல்டர், இரும்புக் கம்பியோடு நின்றான். சட்டையில் வாசல் காவலாளியின் ரத்தம்.

"நுரை தள்ளிச் செத்தவள நான்தான் தூக்கிட்டு ஓடினேன். விஷம் இல்லன்னு எழுதியிருக்க."

"தப்பு என்னோடதுதான் தம்பி. கொஞ்சம் கேளுங்க, இந்த ஸ்லைடுல..."

முதல் அடியில் திரை நொறுங்கியது. இரண்டாவது அவள் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. ஸ்லைடு நழுவித் தரையில் விழுந்தது, உடையவில்லை. நல்ல கையால் அதைப் பொத்திக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்தாள்.

"எதடி மறைக்கிற?"

விலாவில் உதைத்தான். அவள் நகரவில்லை. பொத்திய கையின் மேல் பூட்ஸ் காலை வைத்து, முழு எடையும் இறங்க மிதித்தான். கண்ணாடி உள்ளங்கைக்குள் நொறுங்கியது. ஆத்திரம் தீராமல் அலமாரியையும் இழுத்துத் தள்ளினான். புட்டிகள் உடைந்து, கரைப்பான் ஆறாக ஓடிச் சில்லுகளை அலசிக்கொண்டு போனது.

அப்புறம்தான் மூச்சு வாங்க நின்றான்.

"அது உங்க அக்காவோட ஈரல்," என்றாள் அவள். "மேல இருந்த பூச்சுதான் போயிருந்துச்சு. மறுபடி பூசினா விஷம் தெரிஞ்சிருக்கும்."

"இன்னொன்னு இருக்கும்ல?"

"இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். அவன்மேல் இருந்த வெறுப்பு அவளை விடவில்லை.

கம்பியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். ஈரத்தைத் துழாவிச் சில்லுகளைப் பொறுக்கினான். விரல்கள் கிழிந்தன. அவன் ரத்தம், அவள் ரத்தம், கரைப்பான், கண்ணாடி எல்லாவற்றையும் இரு கைகளிலும் ஏந்தி அவள் முன் நீட்டினான்.

"பூசுங்கக்கா," என்றான்.