திறந்ததும் மூடிக்கொள்ளும் படம்

ஐந்தாவது தடவையும் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. ஹிமாயாவின் படம் திரையில் வந்தது. நெற்றிச்சுட்டி, மூக்கு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் உதடுகள் எல்லாம் வந்தன. வந்த வேகத்திலேயே எல்லாம் போய், வெறும் நீலத் திரை மிஞ்சியது.

"போயிட்டாளா?" என்று ஹிமாயாவின் தாய் சல்மா உம்மா கேட்டார்.

"இன்னொருக்காத் திறக்கிறன், சாச்சி. கொஞ்சம் பொறுங்க."

பஸ்மினா கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மூன்று நாளாக இதே வேலைதான். மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்த்தாள். கல்யாண அட்டைகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான எழுத்துருக்களில் ஏதாவது கெட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்து அவற்றை எல்லாம் தூக்கினாள். மற்ற மணப்பெண்களின் படங்கள் ஒரு கரைச்சலும் இல்லாமல் திறந்தன. ஹிமாயாவின் படங்கள் மட்டும் திறந்ததும் மூடிக்கொண்டன.

சாய்ந்தமருதில் பெண்களின் கல்யாணப் படம் என்றால் பஸ்மினாவைத்தான் கூப்பிடுவார்கள். முக்காடில்லாமல் நிற்கும் பெண்ணைப் படம் பிடிப்பதும், திருத்துவதும், அச்சிட்டு அல்பமாகக் கட்டுவதும் அவள் ஒருத்தியே. அந்தக் கணினிக்கு இன்டர்நெட் இல்லை. அறைக்குள் போன் வரக்கூடாது. வருகிறவர்கள் ஹோலில் பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். படங்கள் கணினிக்குள் இறங்கியதும் கமராவின் கார்டைத் துடைத்துவிடுவாள். வேறெங்கும் ஒரு பிரதி கிடையாது. பழுது பார்க்கும் கடைப்பக்கம் அந்தக் கணினிப் பெட்டி ஒரு நாளும் போனதில்லை. எல்லாம் அமானிதம், நம்பித் தந்த பொருள் என்பாள். அந்தச் சொல்லை நம்பித்தான் கரையோரத்து உம்மாமார் எல்லாம் தங்கள் பிள்ளைகளை அவளுடைய கமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

ஹிமாயாவின் கல்யாணம் நோன்புப் பெருநாள் முடிந்த மாதத்தில் நடந்தது. அல்பம் பிந்தியதற்குக் காரணம் ஹிமாயாவேதான். புருவத்துக்கு மேலே சின்ன வயதில் அம்மை போட்ட ஒரு தழும்பு. "அத மறைச்சித் தாங்க ராத்தா" என்று சொல்லி ஒருமுறை வந்தாள். மறைத்துக் காட்டியபோது, "இப்ப இது நான் மாதிரி இல்லியே" என்று சிரித்தாள். யோசித்துச் சொல்வதாகப் போனவளை அந்த வருடம் எட்டாம் மாதம் டெங்கு கொண்டுபோனது.

அவளுடைய போனில் இருந்த படங்களை எல்லாம் மாப்பிள்ளை அழித்துவிட்டார். மவுத்தானவருடைய படம் போனில் இருக்கக்கூடாது என்று யாரோ சொன்னார்களாம். வீட்டில் வேறு படமும் இல்லை. அவர் மீது சல்மா உம்மாவுக்குக் கோபமில்லை. அழுதழுதுதான் அழித்தார் என்பதை அவரும் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆனால் நாலு மாதம் கழித்து, மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில், மகளுடைய மூக்கு எப்படி இருந்தது என்று யோசித்தார், வரவில்லை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ்மினாவின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அந்தத் தழும்பு இருக்கிற படமாத் தா மகள். மறைச்சது வேணாம்" என்று மட்டும் அன்று சொன்னார்.

இன்று, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். பஸ்மினா ஹோலுக்குப் போய்க் கல்முனை பஸாரில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜெஸீமுக்கு போன் எடுத்தாள். அறைக் கதவு திறந்தே இருந்தது. அவள் அறைக்கும் ஹோலுக்குமாக நடந்து, அவன் சொல்வதைச் செய்துவிட்டு வந்து சொன்னாள்.

"காக்கா, செட்டிங் எல்லாம் பழையபடி ஆக்கிப் பாத்தன். சரிவரல்ல."

"கிராஃபிக்ஸ நிப்பாட்டிப் பாத்தீங்களா தங்கச்சி?"

"ஓம். அதுவும் செஞ்சன்."

"ஒரு பென் டிரைவ்ல அந்த ஃபைல மட்டும் கொப்பி பண்ணிப் பாருங்களன்."

"பாதியில நிண்டு போகுது."

பிறகு, "பெட்டியில காத வெச்சிக் கேளுங்க. என்ன சத்தம்?" என்றான் ஜெஸீம்.

அவள் குனிந்து காதை வைத்தாள். யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது. போய்ச் சொன்னாள்.

"அப்ப சொப்ட்வெயார்ல பிழ இல்ல. நீங்க சும்மா அதோட மல்லுக்கட்டியிருக்கீங்க. ஹார்ட் டிஸ்க்தான் போகப் போகுது. அந்தப் புள்ளட படம் இருக்கிற இடத்தில கீறுப்பட்டிருக்கு. திறக்கத் திறக்க இன்னும் கீறும். உடனே நிப்பாட்டிட்டுப் பெட்டியக் கொண்டு வாங்க. இண்டைக்கே எண்டா நான் எடுத்துத் தருவன்."

"இன்னொரு கொப்பி இல்லாமத்தான் வெச்சிருக்கன் காக்கா."

"வேற எங்கயும் இல்லியா? ரெண்டு கொப்பி வெச்சா என்ன, பொம்புளயளுக்குக் கொம்பு முளைச்சிருமா?" என்று சலித்துக்கொண்டான். பிறகு குரலைத் தணித்தான். "படத்த நான் பாக்கமாட்டன் தங்கச்சி. ஃபைல்ட பேரத்தான் பாப்பன். அல்லாஹ் அறிய."

பஸ்மினா வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சல்மா உம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்காம எப்படி மகள் எடுக்கிற? வந்திருக்கா எண்டு திறந்து பாக்கத்தானே வேணும்."

"ஜெஸீம் காக்கா நல்லவர், சாச்சி."

"நல்லவர்தான். அவர்ட உம்மாவையும் எனக்குத் தெரியும்." முந்தானை ஓரத்தை விரலில் சுற்றினார். "அவள்ட மய்யித்தக் குளிப்பாட்டக்குள்ள கதவச் சாத்திட்டு நாங்க நாலு பேர்தான் நிண்டம். தலைமயிர மூணாப் பிரிச்சிப் பின்னினது நான். அதுக்குப் பிறகு அவளக் கடையில கொண்டு போய் வெக்கச் சொல்றியா?"

இந்தப் பேச்சை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் தானே பேசியவள் பஸ்மினா.

"இன்னொருக்காத் திற. பாத்திட்டுப் போறன்."

"திறந்தா இன்னும் பழுதாகும் சாச்சி."

"தெரியும். திற."

அவள் திறந்தாள். படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கியது. சுட்டி வந்தது, தழும்பு வந்தது, கண் வந்தது. இருவரும் மூடும் மூடும் என்று காத்திருந்தார்கள். மூடவில்லை. சுட்டு விரல் நகம் போன்ற சின்ன வட்டம் ஒன்று திரையின் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்க, மென்பொருள் அப்படியே இறுகிப்போய் நின்றது. ஹிமாயா அதற்குள் இருந்தாள்.

"தொடாதீங்க சாச்சி. மவுசையும் தொடாதீங்க. சும்மா விட்டா நிக்கும்."

சல்மா உம்மா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியவில்லை. வீதியில் மீன் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது. உம்மாவின் கண்கள் மகளின் முகத்தில் ஒவ்வோர் இடமாகப் போய் வந்தன. கடையில் சாமான் வாங்கியவர் எதையும் மறந்துவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதைப்போல.

பஸ்மினாதான் மெதுவாகக் கேட்டாள். "சாச்சி, என்ட போனக் கொண்டு வந்து திரையில ஒரு படம் புடிக்கட்டா? இண்டைக்கே அச்சடிச்சித் தந்திட்டு அழிச்சிருவன்."

அந்த அறைக்குள் அவள் ஒருநாளும் சொல்லியிராத சொல் அது. சல்மா உம்மா தலையை அசைத்தார்.

"போய் எடுத்திட்டு வா."

ஹோலுக்குப் பத்து எட்டு நடைதான். பிரிட்ஜுக்கு மேலே இருந்து போனை எடுத்து, கமராவைத் திறந்துகொண்டே திரும்பினாள். கணினித் திரை வெளுத்துப் போயிருந்தது. பனி மூடியதுபோல ஹிமாயாவின் முகத்துக்கு மேலே வெள்ளை படிந்து, அவள் வாசலைத் தாண்டுமுன்னே அதுவும் மறைந்தது. கறுப்புத் திரையில் சில வெள்ளை எழுத்துகள் வந்தன.

சல்மா உம்மாவின் கை மவுஸின் மேலே இருந்தது.

"நீ இந்த மவுஸ்ட சில்ல உருட்டினா கிட்ட வாறாளே, அத முந்தி நான் பாத்தன்" என்றார். "கொஞ்சம் கிட்ட எடுப்பம் எண்டுதான் மகள்."

பஸ்மினா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்து மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கும் மீன் வாசம் போகாத கை. "நீங்க ஒண்டும் செய்யல்ல சாச்சி. அது போகத்தான் இருந்த. ஜெஸீம் காக்காவும் சொன்னார்தானே." அவளுக்கே அது எவ்வளவு உண்மை என்று தெரியாது. ஒரு பிரதி, ஒரே ஒரு பிரதி எங்காவது இருந்திருந்தால் இந்தக் கை எதையும் அழித்திருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு கேட்டது. சல்மா உம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"அந்தப் பெட்டிய அவர்ட்ட கொண்டு குடு. பாத்தாலும் பாக்கட்டும்."

பஸ்மினா பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஜெஸீம் இரண்டு நாள் மினக்கெட்டான். கொழும்பில் ஒருவருக்கும் போன் எடுத்துக் கேட்டான். மூன்றாம் நாள் கையை விரித்தான். ஹிமாயா மட்டுமல்ல, நாற்பத்தொரு மணப்பெண்களும் போய்விட்டார்கள். அவர்களில் மற்ற எல்லோருக்கும் அல்பம் கொடுத்தாயிற்று.

அவள் நேரே சல்மா உம்மாவின் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்துக் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றார். அது முன்பே பிழிந்த சட்டை.

"ஒண்டும் வரல்லியா?"

"இல்ல சாச்சி."

"அப்ப அவர் ஒண்டையும் பாக்கல்ல."

"இல்ல. ஒருத்தரும் பாக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சல்மா உம்மா. சட்டையைக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சுருக்கம் எடுத்தார். பிறகு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.