நேர்ந்துவிட்ட தாடி

அமெரிக்காவில் பிஸ்கட்டவே ஊரில் நஞ்சப்பனுக்கு வாய்த்த வேலை, கண்ணாடித் தட்டில் சொட்டுச் சொட்டாகத் திரவம் வைத்துவிட்டு, அதில் படிகம் விளைகிறதா என்று காத்துக் கிடப்பது. டிஎன்ஏ இழை ஓரிடத்தில் முடிச்சாக மடிந்துகொள்கிறது. அந்த முடிச்சின் வடிவம் தெரிய எக்ஸ்ரே படம் வேண்டும், படத்துக்குப் படிகம் வேண்டும். குவாரியில் கல் உடைத்த அவன் அப்பனுக்குச் சாயங்காலமே கூலி கைக்கு வந்தது. இவனுக்கு வந்ததெல்லாம் கலங்கிய தண்ணீர்.

அவன் ஆய்வகத்துக்குத் தலைவி விசாலாக்ஷி. எதிர் ஆய்வகத்தில் அதே முடிச்சுக்கு மல்லுக்கட்டியவர் ரஞ்சித்குமார். ஒரு காலத்தில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். முடிச்சை முதலில் ஊகித்தது யார் என்ற சண்டையில் பிரிந்து, எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

நஞ்சப்பனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயராகத் தன் பெயர் வர வேண்டும். அது இல்லாமல் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிப் பிரயோஜனமில்லை என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். பெயர் வந்தால் தாடியை உனக்கே தருகிறேன் என்று சென்னிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டான். தாடி நெஞ்சைத் தொட்டது. பெயர் வரவில்லை.

படிகம் வந்தது. அவன் குனிந்து பார்த்த தட்டுகளில் மட்டும் வந்தது. இரவல் வாங்கிய பெட்டியைத் திருப்பித் தர ரஞ்சித்குமாரின் ஆய்வகத்துக்குப் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தான். அங்கேயும் வந்துவிட்டது. பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இதுவும், ஒரு துகள் விழுந்தால் போதும். அந்தத் துகள் தாடியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் என்பது இந்தத் தொழிலில் பழைய நம்பிக்கை.

விசாலாக்ஷி கொதித்துப் போனார். தாடி தன் ஆய்வகத்தில் வளர்ந்தது, அதனால் தனக்கே சொந்தம் என்றார். வெளியே போகும்போது தாடிக்கு உறை மாட்டச் சொன்னார். அதுவரை கைகூடக் கொடுக்காத ரஞ்சித்குமார், கோயில் பார்க்கிங் லாட்டில் ஓடி வந்து நஞ்சப்பனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் தேய்த்தார்.

கட்டுரை தயாரானது. அதில் நஞ்சப்பன் பெயர் இல்லை. கேட்டபோது விசாலாக்ஷி ஒளிக்காமல் சொன்னார்.

"பேர் வர்ற வரைக்கும் ஷேவ் இல்லேன்னு சொல்லிட்டுத் திரியறீங்க. பேர் போட்டா எடுத்துடுவீங்க. அப்புறம் அடுத்த ஸ்ட்ரக்சருக்கு நான் எங்க போறது?"

அங்கேயாவது பெயர் கிடைக்குமா என்று ரஞ்சித்குமாரிடம் போனான். அதே பதில், கூட ஒரு காப்பி. அத்தோடு விடாமல் இருவரும் பகையை மறந்து உட்கார்ந்து, வாரத்தில் பாதி நாள் தாடி இங்கே, மீதி நாள் அங்கே என்று ஒப்பந்தம் போட்டார்கள்.

வீட்டில் மனைவி புஷ்பவல்லி சப்பாத்தி உருட்டியபடியே கேட்டாள்.

"ஏனுங்க, தாடிய வெச்சுத்தான உங்க பேர நிறுத்தறாங்க? நாளைக்கே வழிச்சுப் போடறேன்னு சொல்லுங்க. சாமிக்குத் தண்டம் கட்டிக்கலாம்."

சொன்னான். ஆய்வகத்திலேயே டிரிம்மரை ஆன் பண்ணிக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். அன்று மத்தியானமே முதல் பெயர் அவனுடையதானது. பதிலுக்கு, கட்டுரை வெளியானதும் தாடியை இரண்டு பேருக்கும் சரிபாதியாகக் கொடுத்துவிட வேண்டும். நஞ்சப்பன் கையெழுத்துப் போட்டான்.

கட்டுரை வெளிவந்த அன்றே சலூனுக்குப் போனார்கள். வலது பக்கம் விசாலாக்ஷி, இடது பக்கம் ரஞ்சித்குமார், ஆளுக்கொரு ஜிப் பையோடு. வலது கன்னம் முடிந்ததும் நஞ்சப்பன் மடியில் விழுந்ததை வாரித் துண்டில் முடிந்துகொண்டான்.

"என்ன பண்றீங்க? சைன் போட்டீங்களே?"

"போட்டனுங்க மேடம். அதுக்கு முன்னாலயே சாமிக்கு நேந்துட்டனுங்க."

நீட்டிய கையை விசாலாக்ஷி வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி சொத்தை எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது. ரஞ்சித்குமாரும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அடுத்த பேப்பர்ல சாமியையும் ஆத்தரா சேத்துட்டா?" என்றார் ரஞ்சித்குமார். "அப்ப கொலாபரேஷன் ஆயிடுமே, தாடிய பங்கு போட்டுக்கலாம்."

"எந்த இடத்துல போடுவீங்க? நடுவுல போட்டா சாமி கோவிச்சுக்கும்."

"கடைசியில. பெரியவங்க இடம் அதுதானே."

"கடைசி என் இடம், ரஞ்சித். அன்னைக்கும் இதத்தான் புடுங்கப் பாத்தீங்க."

சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை முருகனையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். சலூன்காரர் கத்தியோடு நின்றார். நஞ்சப்பன் போனில் தன் பெயரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.