ஆளில்லாத கூடாரம்

வெர்னா நீலக் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். படுக்கை இல்லை, பை இல்லை, ஒரு செருப்புகூட இல்லை. காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு ஒரு கல். புதன்கிழமை இங்கே வந்ததிலிருந்து அவள் சந்தேகப்பட்டது சரிதான்.

"ஹார்லன்! உள்ள ஒருத்தரும் இல்ல! கல்லுங்க கேம்ப் போட்டிருக்கு!" என்று மேட்டைப் பார்த்துக் கத்தினாள்.

மிச்சிகனின் வடக்கில், காட்டிலாகாவின் அந்த முகாமில் ஓர் அடிபம்பும் இரண்டு குழிக் கக்கூஸும் தவிர வேறொன்றும் கிடையாது. முதலில் வந்து தங்குபவருக்கே இடம் என்று வாசலில் ஒரு பலகை. மற்ற இடங்களெல்லாம் பைன் மர வேர்கள் புடைத்த மேட்டில். சமதரையாக ஏரிவரை இறங்குவது நீலக் கூடாரம் நின்ற இந்த இடம் ஒன்றுதான். அவள் அண்ணன் ஹார்லன் ஆயுசு முழுக்க மரமில்லில் தூசியைச் சுவாசித்தவர். இப்போது மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டர். தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து இன்னொரு தடவை பெர்ச் மீன் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் எதையும் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து மரங்களின் இடுக்கு வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முணுமுணுக்கக்கூட இல்லை. அதுதான் வெர்னாவின் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள் அவள். வரிசையில் முண்டியடிக்கும் பிள்ளையைக் கண்ணாலேயே பின்னுக்கு அனுப்பிப் பழகியவள். கல்லை எப்படி முறைப்பது? போனில் சிக்னல் இல்லை, காட்டிலாகா ஆளும் தலைகாட்டவில்லை.

கூடாரத்தைப் பிரித்து, ஒழுங்காக மடித்து, கற்களையும் மேலே அடுக்கிப் பாதையோரம் வைத்தாள். பிறகு அண்ணனை வேனிலேயே கீழே இறக்கிக் கொண்டுவந்தாள்.

"சண்டை வரும்டி."

"வரட்டும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

சாயங்காலம் அவள் ஓட்டும் பஸ்ஸை விட நீளமான வீட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி வந்தது. இறங்கியவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பின்சீட்டில் பிள்ளைகள்.

"இது எங்க எடம். டென்ட் எங்க?"

"அங்க இருக்கு பாரு. ஒரு கல்லு கொறையாது."

"என் சாமானைத் தொட நீங்க யாரும்மா?"

"பலகையில எழுதியிருக்கே, படிக்கல? ஆள் தங்கினாத்தான் எடம்."

"புதன்கிழமை என் சம்சாரம் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து போட்டுட்டுப் போனா. எனக்கு வெள்ளிக்கிழமைதான் ஷிப்ட் முடியும். லீவு கெடைக்காதவன் புள்ளைங்களை ஏரிக்குக் கூட்டிட்டு வரக் கூடாதா?"

"டிரென்ட், விடு," என்றாள் வண்டிக்குள்ளிருந்த மனைவி.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அது வெர்னாவுக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சடாரென்று அண்ணன் பக்கம் கை நீட்டினாள்.

"இவரைப் பாரு. மூக்குல குழாயைப் பாரு. அடுத்த கோடையை இவர் பார்ப்பாரோ மாட்டாரோ. இப்ப சொல்லு, எடம் யாருக்கு?"

டிரென்டின் முகம் சிவந்தது. பின்சீட்டுப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஹார்லனையே பார்த்தன.

"சரி... நீங்களே இருங்க," என்று முனகினான்.

ஹார்லன் தூண்டில் கயிற்றை மெதுவாகச் சுற்றினார்.

"தம்பி, வண்டியக் கொண்டா. எடம் உன்னோடது."

"உனக்குப் பைத்தியமா? சட்டம் நம்ம பக்கம்!" என்றாள் வெர்னா.

"சட்டத்தைக் காட்டியிருந்தா சரி. நீ என்னையில்ல காட்டினே!" மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி பேச்சைப் பிடித்துக்கொண்டார். "நான் சாகறதை நீ அவன்கிட்ட சொல்றே. அந்தக் குழந்தைங்க என்னை எப்படிப் பாத்துச்சு பாத்தியா? என் சாவு என்ன உன் டிக்கெட்டாடி?"

யாருக்காக இத்தனை பாடு? இவருக்காகத்தானே! வெர்னா சாமான்களை வேனில் போட்டுப் பின்கதவைப் படாரென்று சாத்தி, வேனை ஓரமாக நகர்த்தினாள். டிரெய்லர் பின்னோக்கி ஊர்ந்து வந்து நின்றது. டிரென்ட் யார் கண்ணையும் பார்க்காமல் ஜெனரேட்டரை இழுத்து முடுக்கினான். ஏரி முழுக்க அந்த இரைச்சல் பரவியது.

ஹார்லன் வேனில் ஏறவில்லை. ஒரு கையில் தூண்டிலோடு மடக்கு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினார்.

"எங்க போறே?"

"ஏரியில யாரும் டென்ட் போடல."

மூக்குக் குழாய் விறைத்து நீண்டது. சிலிண்டர் இன்னும் கரையிலேயே நின்றது. வெர்னா ஓடிப்போய் அதையும் பக்கத்திலிருந்த புழு டப்பாவையும் தூக்கிக்கொண்டு, செருப்போடு அவர் பின்னால் இறங்கினாள். முழங்கால் ஆழத்தில் அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் இடுப்பை நனைத்தது. அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே, புழு டப்பாவுக்காகக் கையை நீட்டினார்.

அவள் கொடுத்தாள். சிலிண்டரை மார்போடு அணைத்து, கரையையும் அண்ணனையும் மாறி மாறி முறைத்தபடி நின்றாள். டிரென்டின் பிள்ளைகள் தண்ணீர் விளிம்பில் சத்தமில்லாமல் வந்து நின்றன. மிதவை ஒருமுறை அசைந்தது.